ஆறு மாத அமெரிக்கப் பயணத்தில் இந்திய ப்ரீபெய்டு எண்ணைத் தக்கவைப்பது எப்படி?

மகன் வீட்டில் ஆறு மாதம் தங்கப்போகும் பெற்றோரின் எண்ணுக்கு வங்கி ஓடிபி தடையின்றி வர வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். புறப்படுவதற்கு முன்பே சர்வதேச ரோமிங்கைச் செயல்படுத்தி, திரும்பும் தேதியையும் தாண்டி வேலிடிட்டி இருக்குமாறு ரீசார்ஜ் செய்துவிடுங்கள்; பிறகு டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவைத்தால் போதும். ரோமிங்கில் குறுஞ்செய்தி பெறுவதற்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை, ஆனால் அழைப்பை எடுத்துப் பேசினால் நிமிடக் கணக்கில் பணம் போகும்.

பலர் தவறுவது வேறோர் இடத்தில். என் அம்மா அங்கே போனதும் உள்ளூர் சிம்மைப் போட்டுவிட்டு, இந்திய சிம்மைக் காகிதத்தில் மடித்துச் சுருக்குப்பையில் பத்திரப்படுத்தினார். அவ்வளவு பத்திரமாக இருந்ததால் ஒரு ஓடிபியும் வரவில்லை! இரட்டை சிம் போனில் இரண்டையும் செருகுங்கள், அல்லது உள்ளூர் இணைப்பை இ-சிம்மாக (அட்டை இல்லாமல் போனிலேயே பதியும் சிம்) வாங்குங்கள்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி, 90 நாள்கள் எந்தப் பயன்பாடும் இல்லாத ப்ரீபெய்டு எண்ணைத் துண்டிக்க நிறுவனத்துக்கு அனுமதி உண்டு. கணக்கில் 20 ரூபாயாவது இருந்தால், அதைக் கழித்துக்கொண்டு மேலும் 30 நாள்கள் நீட்டிப்பார்கள். எனினும் அது எண் பறிபோகாமல் காக்கும் ஏற்பாடு மட்டுமே. ஓடிபி வர ரீசார்ஜ் திட்டமும் நடப்பில் இருக்க வேண்டும்.