மனித உரிமைப் புகாருக்கு 10,000 ரூபாயா?

கேள்வி: என் தம்பி கட்டட வேலை செய்கிறான். போன மாதம் ஒரு திருட்டு விசாரணை என்று ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய், ராத்திரி முழுக்க வைத்திருந்து அடித்து அனுப்பினார்கள். கேஸ் எதுவும் போடவில்லை. ‘மனித உரிமை மாவட்டத் தலைவர்’ என்று கார்டு வைத்திருக்கும் ஒருவர், 10,000 ரூபாய் கொடுத்தால் கமிஷனில் பேசி நஷ்டஈடு வாங்கித் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள், சகோதரி. 1993-ஆம் ஆண்டு சட்டப்படி அமைந்த மாநில மனித உரிமைகள் ஆணையம் தமிழ்நாட்டில் ஒன்றுதான். 1997 முதல் சென்னையில் இயங்குகிறது. அதற்கு மாவட்டத் தலைவரும் கிடையாது, வட்டச் செயலாளரும் கிடையாது. அந்தக் கார்டில் சிங்க முத்திரை அச்சடித்திருந்தால் அதுவே குற்றம். 2 ஆண்டு வரை சிறை உண்டு.

ஆணையத்தில் புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. வெள்ளைத்தாளில் தமிழில் எழுதினால் போதும். சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும், அதுதான் முக்கியம். தேசிய ஆணையத்துக்கும் சேர்த்து அனுப்பாதீர்கள். ஒரு ஆணையம் எடுத்த புகாரை இன்னொன்று எடுக்காது.

புகார் நிற்பதும் விழுவதும் ஆதாரத்தில்தான். தம்பி அரசு மருத்துவமனைக்குப் போனானா? போயிருந்தால், காயத்தை அங்கே பதிவு செய்யும் விபத்துப் பதிவேட்டின் (ஏ.ஆர்.) காப்பி கேட்டு வாங்குங்கள். யார், எங்கே, எதனால் அடித்தார்கள் என்று டாக்டரிடம் சொன்னது அதில் பதிவாகியிருக்கும். பயத்தில் ‘கீழே விழுந்தேன்’ என்று சொல்லியிருந்தால், ஏன் அப்படிச் சொன்னான் என்பதையும் புகாரிலேயே எழுதிவிடுங்கள். ஒருமுறை என்னிடம் வந்த ஒரு அம்மா, மகன் அடிபட்ட அன்று போட்டிருந்த சட்டையைத் துவைத்து, மடித்துக் கொண்டுவந்திருந்தார். கறை போகவில்லை என்று இரண்டு தடவை சோப்புப் போட்டாராம். தம்பியின் துணி இருந்தால் அப்படியே வையுங்கள்.

அப்புறம், ஸ்டேஷன் கேமராப் பதிவு. அதை 18 மாதம் பாதுகாக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. தேதியையும் நேரத்தையும் குறிப்பிட்டு, அந்தப் பதிவை வரவழைக்கும்படி ஆணையத்திடம் கேளுங்கள்.

உதவிக்கு ஆள் வேண்டாமா என்றால், கட்டாயம் வேண்டும். தாலுகா கோர்ட் வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும். அங்குள்ள சட்டத் தன்னார்வலர்கள் மனு எழுத உதவுவார்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். மக்கள் சிவில் உரிமைக் கழகம் மாதிரியான தன்னார்வ அமைப்புகள் உண்மை அறியும் குழுவாக நேரில் வந்து விசாரிப்பதும் உண்டு. நானும் அப்படிப்பட்ட குழுக்களில் போயிருக்கிறேன். பாதிக்கப்பட்டவர், பக்கத்து வீட்டுக்காரர், இன்ஸ்பெக்டர் என்று எல்லாரையும் கேட்டுத்தான் அறிக்கை எழுதுவோம். ஆனால் யாருக்கும் தண்டனையோ நஷ்டஈடோ வாங்கித் தருகிறோம் என்று வாக்குக் கொடுக்க மாட்டோம். அந்த அதிகாரம் எங்களுக்கு இல்லை.

நஷ்டஈடு, துறை நடவடிக்கை இரண்டையும் பரிந்துரைப்பது ஆணையம். அந்தப் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு 2021-இல் தீர்ப்பளித்தது. காலதாமதம் ஆகும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். மனுவை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

இன்றைக்குச் சாயங்காலமே தம்பியை உட்காரவைத்து, எத்தனை மணிக்கு யார் வந்து கூப்பிட்டார்கள் என்பதிலிருந்து ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். கை நடுங்கினால் நீங்கள் எழுதுங்கள், கையெழுத்தை மட்டும் அவன் போடட்டும்.