தொழிற்சாலை ரயில் சைடிங்கில் சேஃப்டி ஆடிட் செய்ய ஐந்து நாள் பயிற்சி போதுமா?

கேள்வியைப் படித்ததும் உங்கள் நிலைமையை ஊகித்துக்கொண்டேன். டிப்ளமோ முடித்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். சைடிங்கை, அதாவது ஆலைக்குள் வரும் தனி ரயில் பாதையை, ஆடிட் செய்ய ஆள் இல்லை என்று ஆலையில் உங்களைப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன்.

ஐந்து நாளில் படிவம் நிரப்பக் கற்றுக்கொள்ளலாம். ஐஎஸ் 14489 என்ற இந்தியத் தர விதியைச் சொல்லித் தருவார்கள். 1998இல் வந்தது, 2018இல் திருத்தினார்கள். ஆடிட்டை எப்படித் திட்டமிடுவது, அறிக்கை எப்படி எழுதுவது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. கட்டாயம் படியுங்கள். ஆனால் அது எல்லா ஆலைக்கும் பொதுவான விதி. உங்கள் தண்டவாளம் எந்தப் பக்கம் சரிகிறது என்று அதற்குத் தெரியாது.

எனக்குச் சொந்த ஊர் ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம். அப்பா மண்டபம் பக்கம் ரயில் பாதையில் கீமேனாக, தினமும் தண்டவாளத்தை நடந்து பார்க்கும் ஆளாக, இருந்தவர். பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தொட்டால் சிக்னல் சிவப்பாகிவிடும், ரயில் பாலத்தில் ஏறாது என்பது எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி ரயிலைக் கடல் கொண்டுபோனதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அப்படிப்பட்ட ஊரில் பிறந்துவிட்டு, என் முதல் ஆடிட்டில் நான் காற்றைக் கோட்டை விட்டேன்.

ஆலையின் பெயர் வேண்டாம். எங்கள் ஊருக்குத் தெற்கே, கடலோரத்தில், நிலக்கரி ரேக், அதாவது முழு சரக்கு ரயில், வந்து இறங்கும் இடம். வைகாசிக் கடைசியில் ஆடிட். அங்கே ஒப்பந்தத்தில் இருந்த பாயிண்ட்ஸ்மேன் அண்ணன் ஒருவர், வண்டியைப் பாதை மாற்றி நிறுத்துகிறவர், என்னோடு கூடவே நடந்தார். "கச்சான் ஏறுற மாசத்துல காலி வண்டி தானா நகரும் சார். கட்டை பத்தல, இருக்கிறதும் தேஞ்சு போச்சு. எழுதிக்கங்க" என்றார். கச்சான் என்றால் மேற்கிலிருந்து வீசும் காற்று. நான் படிவத்தைப் பார்த்தேன். கை பிரேக் போடப்படுகிறதா? ஆம். சக்கரக் கட்டைகள் உள்ளனவா? ஆம். சரிவு வரம்புக்குள் உள்ளதா? வரைபடத்தில் 400க்கு 1, அதாவது 400 மீட்டருக்கு ஒரு மீட்டர் இறக்கம், என்று இருந்தது, யார்டுக்கு அனுமதிக்கும் அளவுதான். ஆம். காற்று பற்றி ஒரு கேள்வியும் இல்லை, அதனால் நானும் எழுதவில்லை.

ஆடி மாதம் ஒரு மாலை, ஷிஃப்ட் மாறும் நேரம். இன்ஜின் கழன்று போயிருந்தது. நான்கு காலி வேகன்கள் மேற்கிலிருந்து கடல் பக்கமாக நகர்ந்து, ஃபவுலிங் மார்க்கை, பக்கத்துப் பாதையில் இடிக்காமல் இருக்க வண்டி தாண்டக் கூடாத குறியை, தாண்டி வந்திருக்கின்றன. சத்தமே கேட்கவில்லை என்றார்கள். அங்கே சிந்திய கரியை அள்ளிக்கொண்டிருந்த ஒரு அக்காவுக்கு வலது பாதம் போய்விட்டது.

விசாரணையில் என்ன எழுதினார்கள் தெரியுமா? கை பிரேக்கைச் சரியாகப் போடாதது பாயிண்ட்ஸ்மேனின் கவனக்குறைவு என்று. அதற்கு ஆதாரமாக வைத்தது என் ஆடிட் படிவத்தை. இரண்டு மாதத்துக்கு முன்பு எல்லாம் சரியாகத்தானே இருந்தது, பாருங்கள், ஆம், ஆம், ஆம். எச்சரித்த மனிதரையே வேலையை விட்டு அனுப்பினார்கள். அவர் என்னிடம் முன்பே சொன்னார் என்று நான் எழுதிக் கொடுத்தேன். காலம் கடந்துவிட்டது.

ரயில்வேயில் முப்பது வருடம் இருந்தவர்கள் இதைப் படித்துவிட்டு, காற்றுக்கு வேகன் நகருமா என்று கேட்கலாம். கரி ஏற்றிய பாக்ஸ்-என் வேகன் (மேலே திறந்த சரக்குப் பெட்டி) 80 டன்னுக்கு மேல், அது அசையாதுதான். இறக்கியபின் அதுவே 22, 23 டன். உயரமான சுவர் வைத்த பெட்டி, உருளுவதற்கு ரோலர் பேரிங், கீழே லேசான சரிவு. பிரேக் எல்லா வேகனுக்கும் இறுக்கமாகப் போட்டிருந்தால் நகராது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நேரம் தாண்டினால் டெமரேஜ், அதாவது வேகனைப் பிடித்து வைத்ததற்கான அபராதம், ஏறும் என்று மேலே இருந்து விரட்டும்போது, ஒற்றை ஆள் ரேக்கின் 58 வேகனுக்கும் பிரேக் சக்கரத்தைத் திருகிக்கொண்டு நடக்க முடியுமா? பயிற்சியே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்த எங்களில் ஒருவர்கூட பாயிண்ட்ஸ்மேன் இல்லை, ஒப்பந்த ஆள் இல்லை. அதைத்தான் சொல்கிறேன்.

இன்னொன்றையும் கொட்டிவிடுகிறேன். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும்வரை வாரம் தவறாமல் மண்டபத்தில் இறங்கி, பையோடு பஸ்ஸுக்கு நின்றவன் நான். ராத்திரி பஸ் கிடைக்காமல் வயதானவர்கள் ரோட்டோரம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் வயிறு எரியும். 2024 நவம்பரில் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் வந்து பார்த்து, குறைகளை எழுதி, கப்பலுக்கு வழிவிட மேலே தூக்கும் பகுதியில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம்தான் என்று கட்டுப்படுத்தினார். ஊரில் பலர் அவரைத்தான் திட்டினார்கள், எனக்குக் கோபமாக வந்தது. கண்ணில் பட்டதை எழுதியவரை ஏன் திட்ட வேண்டும்?

சரி, உங்கள் விஷயம். பயிற்சிக்குப் போய்விட்டு வாருங்கள். வந்ததும் ரேக் வரும் ராத்திரி ஒன்றில் பாயிண்ட்ஸ்மேனோடு முழு ஷிஃப்டும் இருங்கள். கட்டைகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். சரிவை வரைபடத்தில் பார்க்காமல் தண்டவாளத்தில் அளக்கச் சொல்லுங்கள். கடலோரம் என்றால் தண்டவாளத்தின் அடிப்பாதத்தில், லைனர் (தண்டவாளத்தைப் பிடிக்கும் கிளிப்புக்கு அடியில் வைக்கும் தகடு) உட்காரும் இடத்தில் குனிந்து பாருங்கள். உப்புக் காற்று முதலில் தின்பது அங்கேதான், அப்பா காட்டிக் கொடுத்தது. யார் எதைச் சொன்னாலும், படிவத்தில் இடம் இல்லாவிட்டாலும், தனித்தாளில் தேதியோடு எழுதி, சொன்னவரிடமும் கையெழுத்து வாங்கி ஒரு நகல் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம், உங்கள் சைடிங் எந்தத் திசையில் ஓடுகிறது, கடல் எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். எந்த மாதத்தில் எந்தக் காற்று என்று நான் சொல்கிறேன்.