ஊர் ஆஸ்பத்திரியில காய்ச்சல் மாத்திரை மட்டும்தானா?

கேள்வி: டாக்டரம்மா வணக்கம். திருத்துறைப்பூண்டி பக்கத்துல ஒரு கிராமம் எங்களுக்கு. மாமனாருக்கு 66 வயசு, சுகர், பிரஷர் ரெண்டும் 9 வருஷமா இருக்கு. மாசாமாசம் தஞ்சாவூர் கூட்டிட்டுப் போயி தனியார்ல காட்டுறோம், பஸ் சார்ஜ், பீஸ், டெஸ்ட், மாத்திரைன்னு கையைக் கடிக்குது. நடவு சமயத்துல போக முடியலன்னா பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல்லயே வாங்கிக்குவாரு. எங்க ஊருக்கு மூணு கிலோமீட்டர்ல ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கு. ஆனா காய்ச்சல் மாத்திரையும் பிள்ளைங்க தடுப்பூசியும் தவிர அங்க என்ன இருக்கப்போவுதுன்னு வீட்டுல யாரும் போறதில்ல. அங்க என்னென்ன பாப்பாங்க, எதுக்கு அங்க போலாம், எதுக்கு நேரா பெரிய ஆஸ்பத்திரி போவணும்? இப்ப ரெண்டு வாரமா கால் மரத்துப் போவுதுன்னு வேற சொல்றாரு.

பதில்: வணக்கம்மா. நீங்க கேட்டது நல்ல கேள்வி, இதை யாராவது கேக்க மாட்டாங்களான்னு நானே நினைச்சுக்கிட்டு இருந்தேன், ஏன்னா நானும் டெல்டாவுல ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துல உக்காந்து நோயாளி பாக்குறவதான். கால் மரத்துப் போற விஷயத்துக்கு கடைசியில வரேன், அதுதான் இதுல அவசரம், அதை விட்டுடாதீங்க.

மொதல்ல உங்க மாமனாரோட மாசாந்திர சுகர், பிரஷர் வைத்தியம். அதுக்கு தஞ்சாவூர் போக வேண்டியதே இல்லம்மா. விரல்ல குத்திப் பாக்குற சுகர் டெஸ்ட், பிரஷர், ஈசிஜி, ரத்தம் யூரின்ல பாக்க வேண்டிய அடிப்படை டெஸ்ட் எல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்துலயே காசில்லாம பாக்குறோம், மாத்திரையும் அங்கேயே கொடுக்குறோம். இது தவிர 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பேரை பதிஞ்சுட்டா, அதுல வேலை பாக்குற அம்மா வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பாத்து மாத்திரையைக் கையில கொடுத்துட்டுப் போவாங்க. பக்கவாதம் வந்து படுத்த படுக்கையா இருக்கவங்களுக்கு பிசியோதெரபி பண்றவங்களும் அந்தத் திட்டத்துலயே வீட்டுக்கு வராங்க, இது நிறைய பேருக்குத் தெரியல, தெரியாம தினம் ஆட்டோ வச்சு டவுனுக்குத் தூக்கிட்டுப் போறாங்க.

"கவர்மெண்ட் மாத்திரை கேக்காது டாக்டர்"னு எங்கிட்டயே சொல்றவங்க இருக்காங்க. எங்களுக்கு மாத்திரை வர்றது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மூலமா, 1994ல ஆரம்பிச்சது, மாநிலம் முழுக்க அவங்கதான் மொத்தமா வாங்கி, டெஸ்ட் பண்ணி அனுப்புறாங்க. நீங்க தஞ்சாவூர்ல காசு கொடுத்து வாங்குற மெட்பார்மின்ங்கிற சுகர் மாத்திரையும் நாங்க கொடுக்குற மெட்பார்மினும் ஒரே மருந்து, அட்டை மேல இருக்க கம்பெனி பேருதான் வேற.

இந்தப் பேரு விஷயத்துலதான் பெரிய ஆபத்தே இருக்கு, அதை ஒரு சம்பவமா சொன்னாதான் புரியும். ஒரு ஐப்பசி மாசம், விடிஞ்சும் விடியாத நேரம், மழை கொட்டுது. எழுபது வயசு தாண்டின ஒரு பெரியவரை டிவிஎஸ் 50ல நடுவுல உக்கார வச்சு பின்னாடி பேரன் புடிச்சுக்கிட்டு கொண்டு வந்தாங்க, சட்டையெல்லாம் வேர்வையில ஊறிக் கிடக்கு, பேச்சு குழறுது, கேட்டா பதில் இல்ல. பக்கவாதம்னு முடிவு பண்ணி கார் சொல்லிட்டாங்களாம், கார் வர்றதுக்குள்ள ஒரு எட்டு இங்க காட்டிடலாம்னு வந்திருக்காங்க. நர்சம்மா விரல்ல குத்திப் பாத்தா சுகர் ரொம்ப எறங்கி 41ல நிக்குது. உடனே கையில ஊசி போட்டு குளுக்கோஸ் ஏத்துனோம். அஞ்சாறு நிமிஷம் இருக்கும், கண்ணைத் தொறந்து பாத்துட்டு மொதல்ல கேட்டது, "மோட்டார நிறுத்துனியாடா?" பேரன் அப்படியே தரையில உக்காந்து அழுதுட்டான்.

அப்புறம் வீட்டுலேருந்து அவரோட மஞ்சப்பையைக் கொண்டாரச் சொல்லி மேசையில கொட்டிப் பாத்தேன். மூணு டாக்டர் சீட்டு, பதினோரு அட்டை மாத்திரை. அதுல ரெண்டு அட்டை, பேரு வேற, கலர் வேற, உள்ள இருக்கது ரெண்டுலயும் சுகரைக் கொறைக்கிற அதே கிளிமிபிரைட், அதே மெட்பார்மின். ஒரு டாக்டர் எழுதினது இன்னொருத்தருக்குத் தெரியாது, அவரும் எங்கேயும் சொல்லல, ரெண்டையும் சேத்து முழுங்கிட்டு ராத்திரி வயிறு சரியில்லன்னு வெறும் மோர் குடிச்சுட்டுப் படுத்திருக்காரு. கிளிமிபிரைட்னால சுகர் எறங்கினா ஏத்தி விட்ட பிறகும் ஒரு நாள் வரைக்கும் திரும்ப எறங்கலாம், அதனால அவரை வீட்டுக்கு விடாம 108ல ஜிஎச்சுக்கு அனுப்பி ஒரு நாள் வச்சுப் பாத்துதான் விட்டாங்க.

நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது முக்கியமா இதாம்மா. டாக்டர் பெரியவரா சின்னவரா, ஆஸ்பத்திரி கவர்மெண்டா தனியாரா அதெல்லாம் அப்புறம், உங்க மாமனாரோட எல்லா மாத்திரையும் தெரிஞ்ச ஒரே ஒரு இடம் இருக்கணும். அவர் என்ன சாப்பிடுறாரு, எப்ப வயலுக்குப் போறாரு, வீட்டுல யாருக்கு சுகர் இருந்துச்சு, போன தடவை என்ன டெஸ்ட் வந்துச்சுன்னு தெரிஞ்ச இடம். மூணு கிலோமீட்டர்ல இருக்க இடம்தான் அதுக்கு வசதி. மேட்டூர் தொறந்து தண்ணி கடைமடைக்கு வந்து சேந்துட்டா எங்க ஓபி காத்தாடும், சுகர் நோட்டுல ரெண்டு மாசம் எழுத்தே இருக்காது, அறுப்பு முடிஞ்சதும் எல்லாரும் 300, 350ன்னு வந்து நிப்பாங்க. பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல்ல வாங்குறது இந்த இடைவெளியிலதான் நடக்குது. சீட்டு எழுதினப்ப இருந்த சுகரும் கிட்னியும் இப்பவும் அப்படியே இருக்கும்னு யாரு சொல்ல முடியும்? அந்தப் பழக்கத்தை மட்டும் தயவுசெஞ்சு நிறுத்தச் சொல்லுங்க.

அடுத்தது அவசரம். நெஞ்சு வலி வந்தா நேரா தஞ்சாவூருக்கு கார் புடிக்கிறாங்க, அது தப்பு. 2023லேருந்து இதயம் காப்போம் திட்டம்னு ஒண்ணு நடக்குது, மாரடைப்புன்னு தெரிஞ்சா ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டார்வாஸ்டாட்டின் மூணையும் சேத்து மொதல் டோஸை ஆரம்ப சுகாதார நிலையத்துலயே கொடுத்து, ஈசிஜி எடுத்து, 108ல ஏத்தி விடுவோம். வழியில போற அந்த ஒரு மணி நேரம் மருந்து உள்ள போயிருக்கதும் போகாததும் பெரிய வித்தியாசம்மா.

பாம்புக்கடிக்கும் அப்படித்தான். நம்ம பக்கம் வயல்லயும் களத்துமேட்டுலயும் நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டுவிரியன் எல்லாமே உண்டு. விஷமுறிவு மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்துலயே வச்சிருக்கோம். கொஞ்சம் ரத்தம் எடுத்து கண்ணாடிக் குழாய்ல ஊத்தி 20 நிமிஷம் அசைக்காம வச்சுப் பாப்போம், உறையலன்னா கண்ணாடி விரியன் மாதிரி பாம்போட விஷம் ஏறியிருக்குன்னு அர்த்தம், உடனே மருந்து ஏத்துவோம். கயிறு கட்ட வேணாம், கீற வேணாம், பாம்பை அடிச்சு எடுத்துட்டு வரவும் வேணாம், கடிபட்ட கை காலை அசைக்காம கொண்டு வந்தா போதும். கட்டுவிரியன் மட்டும் கூடுதலா மனசுல வச்சுக்கங்க, தரையில பாய் போட்டுப் படுத்திருக்கவங்களை ராத்திரி கடிக்கும், பல்லு பட்ட தடமே சரியாத் தெரியாது, வீக்கமும் இருக்காது, விடியக்காலம் வயித்து வலின்னு எந்திரிப்பாங்க, கொஞ்ச நேரத்துல கண்ணு இமை தானா சொருகும். அதை வாயுன்னு நினைச்சு கஷாயம் வச்சுக் கொடுத்து நேரம் போயிட்டா மூச்சு நின்னுடும்.

நாய் கடிச்சா மொதல்ல குழாய்த் தண்ணியில சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவணும், அப்புறம் தடுப்பூசிக்கு வாங்க, கடிச்ச அன்னிக்கு, 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள்னு நாலு தடவை, எல்லாம் இலவசம். கடைசி ஊசிக்கு பாதிப் பேர் வர்றதில்ல, நீங்க அப்படி விட்றாதீங்க.

காய்ச்சலுக்கும் ஒரு வார்த்தை. நடவு, களை எடுப்பு நேரத்துல சேத்துல நின்னவங்களுக்கு கெண்டைக்கால் தசையெல்லாம் தொட முடியாம வலிச்சு, கண்ணு செவந்து காய்ச்சல் வந்தா அது எலிக்காய்ச்சலா இருக்கலாம். அக்குள், இடுப்பு, துணி மறைக்கிற இடத்துல சிகரெட்டால சுட்ட மாதிரி கருப்பா ஒரு பொருக்கு இருந்தா உண்ணிக்காய்ச்சல். ரெண்டுமே சீக்கிரம் கண்டுபிடிச்சா டாக்ஸிசைக்ளின்ங்கிற சாதாரண மாத்திரையில அடங்குறது, மெடிக்கல்ல ரெண்டு ஊசி போட்டுட்டு ஒரு வாரம் கழிச்சு வந்தா கிட்னி, நுரையீரல் வரைக்கும் போயிருக்கும். அதனால நீங்க வயல் வேலை பாக்குறவங்கன்னு டாக்டர்ட்ட வாயைத் தொறந்து சொல்லுங்க, கேக்கட்டும்னு இருக்காதீங்க.

கர்ப்பிணிப் பொண்ணுங்க பதிவு, செக்கப், பிரசவம், மார்பக, கர்ப்பப்பை வாய் புற்றுநோய் பரிசோதனை, சளி டெஸ்ட், டிபி மருந்து இதெல்லாமும் உண்டு. 30 வயசு தாண்டின நீங்களும் உங்க மாமியாரும் அந்தப் பரிசோதனைக்குப் போயிட்டு வாங்க, மாமனாருக்குப் பாக்குற அக்கறையில பாதியாவது உங்களுக்கும் வேணும்.

எங்ககிட்ட இல்லாததும் சொல்லிடணும். ஸ்கேன் எல்லா இடத்துலயும் கிடையாது, சிடி கிடையாது, பெரிய ஆபரேஷன் கிடையாது. வாய் கோணி, ஒரு பக்கம் கை கால் விழுந்துட்டா வேற யோசனை வேணாம், உடனே 108 கூப்பிடுங்க, ஆரம்பிச்ச நேரத்தைக் குறிச்சு வச்சுக்கங்க, சிடி எடுத்து நாலரை மணி நேரத்துக்குள்ள ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி போட்டாதான் பலன். அதுக்கு திருவாரூர் மருத்துவக் கல்லூரியோ தஞ்சாவூரோதான். வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணு விழித்திரை பாக்கவும் பெரிய ஆஸ்பத்திரி போகணும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லன்னா இப்பவே எடுத்து வச்சுக்கங்க, குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் இருக்கு, ஆபத்து வந்த பிறகு தாலுகா ஆபீஸுக்கு ஓட முடியாது.

சில நாள் டாக்டர் முகாமுக்குப் போயிருப்பாங்க, சில நாள் கூட்டம் நெரியும், ஒரு மாத்திரை தீந்துபோயும் இருக்கும், இதெல்லாம் நடக்குறதுதான், மறைக்கல. அதனால உடம்பு நல்லா இருக்கப்பவே ஒரு நாள் சும்மா போயி, ஓபி எத்தனை மணி வரைக்கும், சுகர் நோயாளிக்கு எந்தக் கிழமை, ராத்திரியில யாரு இருப்பாங்க, உங்க ஊருக்கு வர்ற கிராம சுகாதார நர்ஸ் யாருன்னு கேட்டு நோட்டுல எழுதிட்டு வாங்க. பழைய சீட்டு, ரிப்போர்ட், எல்லா அட்டையையும் ஒரே பையில போட்டு எடுத்துட்டுப் போங்க. கையில இருக்க மாத்திரையை நீங்களா நிறுத்த வேணாம், அங்க பாத்து மாத்திக் கொடுப்பாங்க.

இப்ப கால். 9 வருஷ சுகருக்கு மரத்துப் போகுதுன்னா நரம்பு பாதிச்சிருக்க வாய்ப்பு அதிகம். நம்ம ஆளுங்க வரப்புல செருப்பு போடுறதில்ல. போன வருஷம் ஒருத்தரு நடந்து வந்து சுகர் மாத்திரை வாங்க நின்னாரு, காலைக் காட்டுங்கன்னேன், பாதத்துல நத்தை ஓடு ஒரு துண்டு குத்தி நிக்குது, சுத்தி சீழ் புடிச்சிருக்கு, அவருக்கு வலியே தெரியல. ரெண்டு விரலை எடுக்க வேண்டியதாப் போச்சு.

அதனால இன்னிக்கு ராத்திரியே மாமனாரை உக்கார வச்சு, வெதுவெதுப்பான தண்ணியில காலைக் கழுவி, சூடு பாக்குறது அவரு கையால இல்ல, உங்க கையால, விரல் இடுக்கு வரைக்கும் ஈரம் போகத் தொடைச்சு, டார்ச் அடிச்சு உள்ளங்காலைப் பாருங்க. வெடிப்பு, கொப்புளம், கருப்பு, முள்ளு எது இருந்தாலும் நாளைக்குக் காலையிலயே கூட்டிட்டுப் போங்க. ஒண்ணும் இல்லன்னாலும் இந்த வாரத்துக்குள்ள போங்க, நைலான் நரம்பு மாதிரி ஒரு இழையால பாதத்துல தொட்டு உணர்ச்சி இருக்கான்னு அங்கேயே பாப்பாங்க. மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைச்சுப் பூச வேணாம்.