சீட் பெல்ட் என் சொந்த விருப்பமா?

கேள்வி: தொழில் நிமித்தமாக ஆலங்குளத்திலிருந்து திருநெல்வேலிக்கு அடிக்கடி காரில் வந்து போகிறவன் நான். அண்மையில் சீட் பெல்ட் அணியவில்லை என்று ஆயிரம் ரூபாய் அபராதம் கட்டினேன். நான் குடித்துவிட்டு ஓட்டவில்லை. யார் மீதும் மோதவில்லை. அடிபட்டால் என் உடம்புதானே அடிபடும்? இப்படியே போனால், சர்க்கரை நோயாளி இனிப்பு வாங்கினாலும் அபராதம் கேட்பார்களோ?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஆலங்குளம்

பதில்: பிறருக்குத் தீங்கு நேராதவரை ஒருவரது வாழ்க்கையில் அரசு குறுக்கிடக் கூடாது என்பதே என் கொள்கையும். ஒருவர் தம் வீட்டில் என்ன உண்கிறார் என்று பார்ப்பது காவலரின் வேலை அன்று. ஆனால் ‘என் உடம்புதானே’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் உங்கள் வாதம் நிற்கவில்லை.

நான்குவழிச் சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் ஏறக்குறைய 22 மீட்டர் கடக்கிறது. அது எதன் மீதாவது மோதி நிற்கும்போது, பெல்ட் அணியாதவரின் உடல் மட்டும் நிற்காமல் அதே வேகத்தில் முன்னோக்கிப் போகிறது. பின்னிருக்கையில் இருப்பவர் 60 கிலோ எடையோடு போய் மோதுவது, முன்னால் பெல்ட் அணிந்து ஒழுங்காக உட்கார்ந்திருக்கும் மனைவியின் அல்லது ஓட்டுநரின் இருக்கை முதுகில். அதாவது, அவருடைய ‘விருப்பம்’ இன்னொருவரின் முதுகெலும்பை முறிக்கக்கூடும். ஓட்டுகிறவர் தனியாகப் போனாலும் கதை வேறல்ல. முதல் அதிர்ச்சியில் இருக்கையைவிட்டு நழுவியவரால் ஸ்டியரிங்கையோ பிரேக்கையோ கையாள முடியாது. அந்த வண்டி அடுத்து எங்கே பாயும், எதிரே வரும் பைக்காரர் கதி என்ன என்பதெல்லாம் அவர் கையில் இல்லை.

தலைக்கவசம் கட்டாயம் என்ற விதியை எதிர்த்து உங்களைப் போலவே ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை சென்றார். அந்த விதி நடமாடும் சுதந்திரத்தைப் பறிக்கவில்லை என்று 1988-ஆம் ஆண்டிலேயே நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. எனக்கும் அதுவே சரியெனப் படுகிறது. பொதுச் சாலையில் வண்டி ஓட்ட நமக்குத் தரப்படுவது உரிமம். உரிமம் என்றால் சில நிபந்தனைகளும் உண்டு. இந்த நிபந்தனை கேட்பதோ இரண்டு விநாடி நேரமும், தோளிலிருந்து இடுப்புக்கு ஒரு பட்டையும்தான். இதைக் காட்டி நாளை உங்கள் வீட்டுச் சமையலறைக்குள் அரசு நுழையுமானால், அதை எதிர்த்து நானும் உங்களோடு நிற்பேன்.

ஒன்று மட்டும் வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. நம் பக்கத்துக் கார்கள் பலவற்றில் பின்னிருக்கையின் பெல்ட் லாக்குகள் சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கின்றன. கையை விட்டுத் துழாவினாலும் அகப்படுவதில்லை. வேறு சிலர் எச்சரிக்கை ஒலியை நிறுத்துவதற்காகவே வெறும் கிளிப் ஒன்றை லாக்கில் செருகிவிட்டுப் பயணம் செய்கிறார்கள். அந்தக் கிளிப்புகளை விற்பனைப் பட்டியலிலிருந்து நீக்கும்படி இணைய வணிக நிறுவனங்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் உத்தரவிட்டது. 2022 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே நேர்ந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரியும் அவருடன் பின்னிருக்கையில் இருந்தவரும் இறந்தார்கள். இருவருமே பெல்ட் அணிந்திருக்கவில்லை. விலையுயர்ந்த அந்தக் காரில் முன்னால் அமர்ந்திருந்த இருவர் உயிர் பிழைத்தார்கள். பின்னிருக்கை பத்திரமானது என்று நம் வீடுகளில் இன்னமும் நம்புகிறார்களே, அதை நினைத்தால் எனக்கு மனம் பதைக்கிறது.

கேள்வி: கார் கால்வாயிலோ குளத்திலோ விழுந்தால் பெல்ட் நம்மைக் கட்டிப்போட்டுவிடாதா?
– வாசகர், சேரன்மகாதேவி

பதில்: சாலையை ஒட்டியே கால்வாயும் குளக்கரையும் ஓடும் ஊர்க்காரருக்கு இந்த அச்சம் இயல்பானது. ஆயினும் தண்ணீரில் விழும் காரிலிருந்து வெளியேற முதலில் வேண்டியது நினைவு. விழுந்த வேகத்தில் கண்ணாடியில் தலை மோதி மயங்கியவரால் கதவையும் திறக்க முடியாது, கண்ணாடியையும் இறக்க முடியாது. நினைவோடு இருப்பவரோ பொத்தானை ஒருமுறை அழுத்திப் பெல்ட்டை விடுவித்துக்கொள்ளலாம்.

கேள்வி: திருச்செந்தூர் போகும்போது என் பத்து மாதக் குழந்தையை மடியில் இறுகப் பிடித்துக்கொள்கிறேன். அது போதாதா?
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: போதாது, அம்மா. உங்கள் அன்பில் குறை சொல்லவில்லை. எந்தத் தாயின் கைகளுக்கும் அந்த வலிமை கிடையாது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் மோதி அரை மீட்டருக்குள் நின்றுவிட்டால், 10 கிலோ எடையுள்ள குழந்தையைப் பிடித்து நிறுத்த ஏறத்தாழ 200 கிலோவைத் தூக்கும் பலம் வேண்டும். குழந்தையையும் சேர்த்து உங்கள் பெல்ட்டுக்குள் வைத்துக் கட்டுவது அதைவிட ஆபத்து. உங்கள் உடலின் பாரம் முழுவதும் குழந்தையின் மீது இறங்கும். குழந்தைகளுக்கென்றே தனி இருக்கைகள் கடைகளில் கிடைக்கின்றன. அதை வாங்கிப் பின்னிருக்கையில் பொருத்தி, குழந்தையின் முகம் வண்டியின் பின்புறம் பார்க்கும்படி உட்கார வையுங்கள். முன்னிருக்கையில் வைக்கவே வேண்டாம். ஏர்பேக் விரியும் வேகத்தைப் பச்சிளம் கழுத்து தாங்காது. பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பெல்ட்டோ தனி இருக்கையோ இன்றி அழைத்துச் சென்றால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் கூறுகிறது.