காய்ச்சலும் பூஞ்சையும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வெப்பத்தைச் சமாளிக்கும் மரபணுக்கள் இல்லாமல் எந்தப் பூஞ்சையும் மனித உடலில் நிலைக்க முடியாது என்று எழுதியிருந்தீர்கள். கேண்டிடா அல்பிகன்ஸ் 37 டிகிரி செல்சியஸிலேயே காலங்காலமாக நம்முள் வாழ்கிறது. திடீர்ச் சூட்டையே காணாத அதற்கு அந்த மரபணுக்கள் எதற்கு?

எம்.

அன்புள்ள எம்.,

ஆய்வாளர்களும் கேட்டுக்கொண்ட கேள்விதான் இது. பூஞ்சை செல் சூட்டை அறிவது பெரும்பாலும் தன் புரதங்கள் படும் பாட்டை வைத்துத்தான் என்பதிலிருந்து தொடங்கலாம். வெப்ப மரபணுக்களை இயக்கும் ஹெச்எஸ்எஃப்1 என்ற புரதத்தை, சாதாரண நிலையில் ஹெச்எஸ்பி70 போன்ற துணைப்புரதங்கள் (மற்ற புரதங்கள் சரியாக மடிய உதவுபவை) பிடித்துவைத்திருக்கின்றன. சூடு ஏறி மற்ற புரதங்களின் மடிப்புகள் குலையத் தொடங்கியதும், துணைப்புரதங்கள் அவற்றைச் சீர்செய்யப் போய்விடுவதால் ஹெச்எஸ்எஃப்1 விடுபட்டு, மும்மூன்றாகச் சேர்ந்த நிலையில் டிஎன்ஏவில் தனக்குரிய இடங்களில் அமர்ந்து மேலும் துணைப்புரதங்களை உருவாக்கச் செய்கிறது. அவை போதிய அளவு பெருகியதும் அதுவே மீண்டும் பிடிபட்டு அடங்குகிறது. கேண்டிடாவில் ஹெச்எஸ்பி90 என்ற புரதத்துக்கும் இந்தக் கடிவாளத்தில் பங்குண்டு.

இந்த ஏற்பாடு திடீர்ச் சூட்டுக்கு மட்டுமானதன்று. ஹெச்எஸ்எஃப்1 இல்லாமல் கேண்டிடா சாதாரண வெப்பநிலையிலும் பிழைக்காது. அன்றாடத் தேவைக்கான துணைப்புரதங்களும் அதன் பொறுப்பில்தான் இருக்கின்றன. மேலும், காய்ச்சலைப் போல மெல்ல ஏறும் சூட்டிலும் அது தூண்டப்படுகிறது. சூட்டால் தூண்டப்பட முடியாதபடி ஹெச்எஸ்எஃப்1 மாற்றப்பட்ட கேண்டிடாவுக்கு நோயுண்டாக்கும் திறன் குறைந்தது என்று சோதனைகள் காட்டின. உங்கள் கேள்விக்கு நேரான பதில் இதுவே என்பேன்.

சூடு பூஞ்சையின் உருவத்தையும் தொடுகிறது. கேண்டிடா இழையாக நீளாமல் தனித்தனி உருண்டைச் செல்களான ஈஸ்ட் வடிவிலேயே இருக்கும்படி ஹெச்எஸ்பி90 தடுத்துவருகிறது. சூடு மிகும்போது அதற்கு வேறு வேலைகள் பெருகித் தடை தளர்வதால், திசுக்களைத் துளைத்துச் செல்லும் இழைகள் தோன்ற வழி பிறக்கிறது. காய்ச்சல் பூஞ்சையைப் பலவீனப்படுத்தும் என்று மட்டுமே நம்புவோருக்கு இது சற்றுச் சங்கடமான செய்தி.

என் கட்டுரையிலும் ஒரு குறை உண்டு. மரபணுக்கள் இயக்கப்படுவதை மட்டுமே எழுதினேனே தவிர, நிறுத்தப்படுவதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மண்ணிலும் புறா எச்சத்திலும் வாழும் கிரிப்டோகாக்கஸ் நியோஃபார்மன்ஸ் என்ற பூஞ்சை உடல் வெப்பத்துக்கு மாறியதும், புரதம் தயாரிக்கும் ரைபோசோம்களின் புரதங்களுக்கான தூது ஆர்என்ஏக்களை (மரபணுவின் செய்தியை எடுத்துச் செல்லும் நகல்களை) விரைவாகச் சிதைத்து, புரத உற்பத்தியைத் தற்காலிகமாகச் சுருக்கிக்கொள்கிறது. இந்தச் சிதைவில் பங்குபெறும் சிசிஆர்4 என்ற புரதம் நீக்கப்பட்ட செல்கள் உடல் வெப்பத்தில் வளரத் தடுமாறுகின்றன. சூட்டில் குலையக்கூடிய புதிய புரதங்களைக் குறைப்பதும் துணைப்புரதங்களைக் கூட்டுவதும் ஒரே நெருக்கடிக்கான இரு விடைகள் என்றே நான் பார்க்கிறேன். கட்டுரையில் அந்தப் பகுதியைச் சேர்த்துவிடுகிறேன்.