யாருடன் அமர்ந்து சாப்பிடுவது?

கேள்வி: எனக்கு வயது 36. கோவையில் பம்ப் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மதியம் ஒரு மணிக்குக் கேன்டீனில் நாங்கள் ஐந்து பேர் வழக்கமாக ஒரே மேசையில் அமர்ந்து சாப்பிடுவோம். எல்லோரும் நல்லவர்கள்; ஆனால் பேச்சு தங்கம் விலை, பிள்ளைகளின் மதிப்பெண், நேற்றைய சீரியல் இவற்றைத் தாண்டுவதில்லை. சில வாரங்களாக நான் தனியாக அமர்ந்து கைபேசியைப் பார்த்தபடியே சாப்பிடுகிறேன். இரும்பை உருக்கி வார்க்கும் எங்கள் பவுண்டரியில், மணலில் அச்சு எடுப்பதற்கான மர மாதிரியான பேட்டர்னைச் செய்யும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் அமர்வது அசைவம் சாப்பிடுவோரின் மேசை, எங்களுடையது சைவ மேசை. எங்கள் தெருவில் பறவைகளைப் பற்றி நிறையத் தெரிந்த, ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியர் ஒருவரும் இருக்கிறார். இப்படிப்பட்ட சுவாரசியமான மனிதர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுப் பேச ஆசையாக இருக்கிறது. எப்படி அழைப்பது, தவறாக நினைப்பார்களோ, பத்து நிமிடத்தில் பேச்சு நின்றுபோனால் என்ன செய்வது என்று தயங்குகிறேன். அறிவுக்காக ஆட்களைத் தேடிப் போவது சுயநலம் என்று என் கணவர் கேலி செய்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை.

பதில்: அன்புள்ள சகோதரி, சுவாரசியமானவர்கள் என்று நீங்கள் குறிப்பிட்ட இருவரில் ஒருவர்கூடப் புகழ்பெற்றவர் அல்லர் என்பதே உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. இதுபோல் எழுதுகிறவர்களில் பலர் எழுத்தாளரையோ திரைப்படக்காரரையோ சந்திக்க வழி கேட்பார்கள். நீங்களோ, நாள்தோறும் நீங்கள் கடந்து போகும் ஒருவரிடம் கேட்கத் தகுந்தது ஏதோ இருக்கிறது என்பதைக் கண்டுகொண்டிருக்கிறீர்கள். எஞ்சியிருப்பது எந்த மேசையில் அமர்வது, என்ன கேட்பது என்ற இரண்டுதான்.

மேசையை மாற்றிக்கொள்வதற்கு நல்ல முன்னுதாரணம் உண்டு. அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் 1946 முதல் வேலை பார்த்தவரும், பிழையைத் தானே கண்டு திருத்திக்கொள்ளும் குறிமுறையை 1950இல் வெளியிட்டவருமான கணிதவியலாளர் ரிச்சர்ட் ஹேமிங், தம் பணிவாழ்வைப் பற்றி 1986இல் ஆற்றிய உரையில் மதியச் சாப்பாட்டைப் பற்றியும் பேசினார். கணிதவியலாளர்களோடு அமர்ந்தால் தமக்கு ஏற்கெனவே தெரிந்ததே பெரும்பாலும் காதில் விழுகிறது என்று கண்டு, அவர் இயற்பியலாளர்களின் மேசைக்குப் போனார். டிரான்சிஸ்டருக்காக 1956இல் நோபல் பரிசு பெற்ற ஷாக்லி, பார்டீன், பிராட்டன் ஆகியோர் அமர்ந்த மேசை அது. பதவி உயர்வும் பரிசும் வந்து அந்தக் கூட்டம் கலைந்த பிறகு வேதியியலாளர்களின் மேசைக்கு மாறினார். உங்கள் துறையில் முக்கியமான சிக்கல்கள் எவை என்று அங்கே முதலில் கேட்டார். சில நாட்கள் கழித்து, அவற்றில் எதில் நீங்கள் வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். கடைசியில், முக்கியமில்லாத ஒன்றில் ஏன் உழைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டார். அதற்குப் பிறகு அந்த மேசையில் அவருக்கு வரவேற்பில்லை. சாப்பிட வேறு ஆள் தேட வேண்டியதாயிற்று. சில மாதங்கள் சென்றபின் டேவ் மெக்கால் என்ற வேதியியலாளர் அவரை வழியில் நிறுத்தி, அந்தக் கேள்வி கோடைக்காலம் முழுவதும் தம் மனத்தை விட்டு அகலவில்லை என்றும், அதைப் பற்றி யோசித்தது பயனுள்ளதாக இருந்தது என்றும் சொன்னார் என்பதையும் ஹேமிங் மறக்காமல் குறிப்பிட்டார். முதல் கேள்வி விருந்தாளியின் கேள்வி. மூன்றாவது தணிக்கையாளரின் கேள்வி. நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

உங்கள் பேட்டர்ன் பெரியவரிடம் உங்கள் தொழிலைப் பற்றிச் சொல்லுங்கள் என்று பொதுவாகக் கேட்டால், "என்னம்மா இருக்குது, மரத்தைச் செதுக்குறோம்" என்று முடித்துவிடுவார். அவர் கையால் மட்டுமே விடை சொல்லக்கூடிய கேள்வி வேண்டும். உருகிய வார்ப்பிரும்பு குளிரும்போது மீட்டருக்கு ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் சுருங்கும். ஆகையால் பேட்டர்னை அந்த அளவுக்குப் பெரிதாகச் செய்ய வேண்டியிருக்கிறது, அதற்கென்றே சற்று நீட்டப்பட்ட ‘சுருக்க அளவுகோல்’ என்ற தனி அளவுகோலும் அத்தொழிலில் உண்டு. பம்பின் உடல் போல ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருக்கும் பொருள் எல்லாப் பக்கமும் ஒரே சீராகவா சுருங்கும், அதை வரைபடம் சொல்லிவிடுமா, அல்லது நீங்களே கணித்துக்கொள்கிறீர்களா என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் பேரேட்டில் மாதந்தோறும் ‘ரிஜெக்ஷன்’ என்று ஒரு தொகை வருமே, அந்தத் தொகைக்குள் எத்தனை வகைக் குறைகள் இருக்கின்றன, மணலில் ஈரம் கூடினால் வார்ப்பில் துளை விழுவது எப்படி, அதில் பேட்டர்னின் குற்றம் எவ்வளவு, மணலின் குற்றம் எவ்வளவு என்பதெல்லாம் உங்களுக்கும் உண்மையாகவே தேவைப்படுகிற செய்திகள். கேட்பவருக்குப் பதில் தேவைப்படுகிறது என்று தெரிந்தால் சொல்பவரின் தயக்கம் போய்விடும்.

பேச்சு நின்றுபோகுமே என்ற அச்சத்துக்கு, மதிய உணவையே ஒரு கலையாக நடத்திய ஒருவரின் வழக்கங்களைச் சற்று விரிவாகச் சொல்லத் தோன்றுகிறது. தத்துவ அறிஞர் இம்மானுவேல் கான்ட் (1724–1804), இன்று ரஷ்யாவின் காலினின்கிராட் ஆக இருக்கும் கோனிக்ஸ்பெர்க் நகரிலேயே பிறந்து, அந்தப் பகுதியை விட்டு நெடுந்தொலைவு எங்கும் போகாமல் வாழ்ந்து மறைந்தவர். ஆயினும் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தின் அமைப்பை அவர் விவரித்ததைக் கேட்ட ஆங்கிலேயர் ஒருவர், நீங்கள் லண்டனில் எத்தனை ஆண்டு இருந்தீர்கள், கட்டடக் கலைஞரா என்று விசாரித்ததாக அவருடைய வரலாற்றை எழுதியவர் பதிவு செய்திருக்கிறார். புத்தகங்கள் அவருக்குப் பாதி உலகத்தைக் கொடுத்தன என்றால், மறுபாதி அவருடைய சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது என்பது என் கருத்து.

1787இல் சொந்தமாகச் சமையற்காரி வைத்துக்கொண்ட பிறகு அவர் வீட்டில் நாள்தோறும் மதியம் ஒரு மணிக்கு விருந்து. அவருக்கு நாளின் ஒரே முழுச் சாப்பாடு அதுதான். நான்கு மணி, சில நாட்களில் ஐந்து மணி வரைகூட நீளும். தனியாக உண்பது தத்துவம் படிக்கிறவனுடைய உடம்புக்கு ஆகாது என்று அவர் எழுதியே வைத்தார். தனியே அமர்ந்தவன் தன் எண்ணங்களையே மென்றுகொண்டிருப்பான் என்பது அவர் சொன்ன காரணம். கைபேசியோடு சாப்பிடுகிறவருக்கும் இது பொருந்தும். மேசையில் அமர்பவர்கள் மூவருக்குக் குறையவும் கூடாது, ஒன்பதின்மருக்கு மிகவும் கூடாது என்ற பழைய விதியை அவர் போற்றினார். அவர் வீட்டில் ஐந்தாறு பேருக்கு மேல் அமர்ந்ததில்லை. வந்தவர்கள் வணிகர்கள், மருத்துவர்கள், மதகுருமார்கள், அரசு அலுவலர்கள். தத்துவப் பேச்சை, அதிலும் தம் தத்துவத்தைப் பற்றிய பேச்சை, அவர் மேசையில் விரும்பவில்லை. விருந்தினரை அன்று காலையில்தான் ஆள் அனுப்பி அழைப்பார். முன்கூட்டியே அழைத்தால் அவர்கள் தமக்காக வேறொரு நல்ல அழைப்பை மறுக்க நேரிடுமே என்ற கரிசனம் அதில் இருந்தது. அவருடைய மேசையில் பெண்கள் இருந்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் குறையைத் திருத்த நீங்கள் ஒருவரே போதும்.

விருந்துப் பேச்சு மூன்று கட்டமாக நகர வேண்டும் என்று கான்ட் வகுத்தார். முதலில் செய்தி சொல்லுதல்: ஊர்ச் செய்தி, செய்தித்தாளில் வந்தது, அன்றைய வெயிலும் மழையும். அடுத்தது விவாதம், கருத்துகள் மோதும், பசியும் அப்போதுதான் நன்றாக எடுக்கும். கடைசியில் வேடிக்கைப் பேச்சு. ஏனென்றால் வாதம் என்பது வேலை, வயிறு நிறைந்தபின் வேலை ஆகாது. இவற்றோடு வேறு சில விதிகளும் சொன்னார்: எல்லோரும் கலந்துகொள்ளக்கூடிய பொருளை எடுக்க வேண்டும், ஒரு பொருள் தீரும் முன் மற்றொன்றுக்குத் தாவக் கூடாது, நான் சொல்வதே முடிவு என்ற பிடிவாதம் கூடாது, மேசையில் பேசியதை வெளியே கொண்டுபோய் ஒருவருக்குக் கேடு செய்யக் கூடாது. அலுவலகக் கேன்டீனில் கடைசி விதி மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது. மேலாளரைப் பற்றிப் பெரியவர் ஏதேனும் சொன்னால் அது அந்த மேசையிலேயே இருக்கட்டும்.

இப்போது உங்கள் பழைய மேசைக்கு வருவோம். தங்கம் விலையும் சீரியலும் கான்ட் சொன்ன முதல் கட்டத்துக்கு முற்றிலும் உரியவை. உங்கள் தோழிகள் தவறு எதுவும் செய்யவில்லை, அடுத்த படிக்கு யாரும் அழைக்காததால் அங்கேயே நிற்கிறார்கள். தங்கம் விலை பேச்சு வந்ததும், உங்கள் வீட்டில் முதன்முதலில் நகையை அடகு வைத்தது எதற்காக என்று ஒருவரைக் கேளுங்கள். படிப்புச் செலவு, ஆழ்துளைக் கிணறு, ஒரு மருத்துவமனைக் கட்டணம் என்று குடும்ப வரலாறே வெளியே வரும். ஆகவே அவர்களை அடியோடு விட்டுவிட்டுப் போக வேண்டாம் என்பது என் வேண்டுகோள். வாரத்தில் ஒரு நாள் வேறு மேசை, மற்ற நாட்களில் பழைய மேசை என்று வைத்துக்கொண்டால் மனத்தாங்கலும் வராது.

அந்த வேறு மேசையைப் பற்றி வெளிப்படையாகவே பேசிவிடுகிறேன். சைவ மேசை, அசைவ மேசை என்ற பிரிவு உணவுப் பழக்கத்தால் மட்டும் வந்ததாகப் பெரும்பாலான அலுவலகங்களில் நாம் நடித்துக்கொள்கிறோம். சாதியும் பதவியும் அந்தப் பிரிவுக்குள் சத்தமில்லாமல் அமர்ந்திருக்கின்றன. யாரோடு யார் அமர்ந்து உண்பது என்பது இந்த மண்ணில் ஒருபோதும் சிறிய செய்தியாக இருந்ததில்லை. சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர்களுக்குத் தனிப்பந்தி நடந்தது 1920களில் தமிழ்நாட்டுக் காங்கிரசையே உலுக்கியது; ஆகஸ்ட் 15 அன்று கோயில்களில் அரசு பொது விருந்து நடத்துவதும் அந்த நெடிய வரலாற்றின் தொடர்ச்சிதான். உங்கள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு அந்த மேசையில் போய் அமர்வதால் உங்கள் சைவத்துக்கு எந்தக் குறைவும் வராது. மீன் குழம்பின் வாசனை உண்மையிலேயே உங்களால் தாங்க முடியாதது என்றால், சாப்பிட்டு முடித்தபின் தேநீரோடு போய் அமருங்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டு அமர்வதைவிட அது மரியாதை.

மேசைகள் கலந்தால் என்ன நேரும் என்பதற்குக் கேம்பிரிட்ஜில் உள்ள மூலக்கூறு உயிரியல் ஆய்வகம் சான்று. 1962இல் அதைத் தொடங்கி நடத்திய மேக்ஸ் பெருட்ஸ், காலைக் காப்பி, மதிய உணவு, மாலைத் தேநீர் மூன்றுக்கும் எல்லோரும் கூடிப் பேசும் கேன்டீன் ஒன்றை வேண்டுமென்றே அமைத்தார். அவர் மனைவி கிசெலா அதை நெடுங்காலம் கவனித்துக்கொண்டார். நோபல் பரிசு பெற்றவரும், புதிதாகச் சேர்ந்த மாணவரும், கருவி பழுதுபார்ப்பவரும் அங்கே ஒரே மேசையில் அமர்வார்கள். சிதம்பரத்தில் பிறந்து 2009இல் வேதியியல் நோபல் பெற்ற வெங்கி ராமகிருஷ்ணன் 1999இல் போய்ச் சேர்ந்ததும் அந்த ஆய்வகத்தில்தான்.

பேராசிரியரை அழைப்பது இன்னும் எளிது. அவரை மட்டும் தனியே அழைக்காமல், அவரையும் அவர் மனைவியையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்லுங்கள். உங்கள் கணவரும் மேசையில் இருப்பார். தவறாக நினைக்க யாருக்கும் இடமில்லை, கான்ட் கேட்ட எண்ணிக்கையும் சரியாக அமைந்துவிடும். அழைக்கும்போது காரணத்தையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்: சிங்காநல்லூர் குளத்தில் பார்த்த ஒரு பறவையைப் பற்றி உங்களிடம் கேட்க வேண்டும், ஐயா. வெறுமனே சாப்பிட வாருங்கள் என்றால் பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் வாங்கித் தரக் கேட்பார்களோ என்று ஓய்வுபெற்ற பேராசிரியர் எவரும் ஐயப்படுவார். அந்த ஐயம் நியாயமானதுதான். சமையல் எளிமையாக இருக்கட்டும். எட்டுக் கூட்டு, மூன்று இனிப்பு என்று பரிமாறிக்கொண்டே நின்றால் பேச்சை நீங்கள் சமையலறையிலிருந்துதான் கேட்க முடியும். முதல் சந்திப்பு நன்றாக அமைந்தால் மாதத்தில் இன்ன ஞாயிறு என்று ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே.சி.யின் வீட்டில் கூடிய வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டம், வழக்கறிஞர்களையும் பேராசிரியர்களையும் கம்பனைச் சுற்றி உட்கார வைத்ததற்கு அவருடைய ரசனை முதற்காரணம். ஞாயிறு மாலை என்றால் அங்கே கூட்டம் உண்டு என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது இரண்டாவது காரணம்.

சுயநலம் என்ற கேலிக்கு என் பதில் சிறியது. கேட்டதை வாங்கிக்கொண்டு போய்விட்டால் அது சுயநலம். உங்களிடம் இருப்பதைக் கொடுத்தால் அல்ல. உங்களிடம் கொடுக்க நிறைய இருக்கிறது. ஓய்வு பெறும் வயதை நெருங்கிய தொழிலாளி ஒருவருக்குத் தம் பி.எஃப். கணக்கில் என்ன இருக்கிறது, ஓய்வூதியம் எவ்வளவு வரும், பணிக்கொடை எப்படிக் கணக்கிடப்படும் என்பவற்றைப் பொறுமையாக எடுத்துச் சொல்ல ஆள் கிடைப்பது அரிது. பணிக்கொடைக்குக் கடைசி மாத ஊதியத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்க வேண்டும் என்பது உங்களுக்கு அன்றாடக் கணக்கு. பேட்டர்ன் பெரியவருக்கோ அது தூக்கத்தைக் கெடுக்கும் புதிராக இருக்கலாம். ஆனால் முதல் நாளே காகிதமும் பேனாவுமாகப் போய் அமர வேண்டாம். அவர் சுருக்க அளவுகோலை உங்களுக்குக் காட்டி முடித்து, அவராகவே கேட்கட்டும்.