தொகைக்கு முன் தேதி

அன்புள்ள ஐயா,

கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். இங்கே வீட்டில் பேச்சு தமிழ், கடை போர்டு மலையாளம், சாயங்காலம் ஆனால் எல்லாருக்கும் கால்பந்து. போன வாரம் டீக்கடையில் இங்கிலாந்து வீரர் டிரென்ட் அலெக்சாண்டர்-ஆர்னால்டைப் பற்றிப் பெரிய வாக்குவாதம். ஆறு வயதிலிருந்து வளர்த்த லிவர்பூல் கிளப்புக்கு ஒப்பந்தத்தை நீட்டித்துக் கொடுக்காமல், 2025இல் கெடு முடிகிற நேரம் பார்த்து ரியல் மாட்ரிட்டுக்குப் போனாரே, "காசுதானுங்க அவனுக்குப் பெருசு" என்று ஒரு கட்சி. எனக்கு எந்தப் பக்கம் பேசுவது என்று தெரியவில்லை.

கேட்பதற்கு வேறு காரணமும் இருக்கிறது. என் அக்கா மகனுக்கு 20 வயது. பாலக்காடு, மலப்புறம் பக்கம் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) ஆடுகிறான். இப்போது ஒரு கிளப் மூன்று வருட ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. நான்காவது வருடம் "கிளப்பின் விருப்பப்படி" என்று ஒரு வரி. இரண்டு நாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்கிறார்கள். எவ்வளவு கேட்கலாம்? எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

எவ்வளவு என்பதற்குப் பிறகு வருகிறேன். கால்பந்து ஒப்பந்தத்தில் முதலில் பார்க்க வேண்டியது தேதி. பெரிய வீரர்களின் பேச்சுவார்த்தை மாதக்கணக்கில் இழுப்பதற்கும் தேதிதான் காரணம்.

ஃபிஃபா விதிப்படி, ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போது வீரர் வேறொரு கிளப்போடு அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம். அதற்கு முன்னால் ஒரு கிளப் அவரோடு பேச வேண்டுமென்றால், அவர் இப்போது ஆடும் கிளப்புக்கு எழுத்தில் சொல்லிவிட்டுத்தான் பேச வேண்டும். ஜூன் 30இல் முடிகிற ஒப்பந்தம் என்றால் ஜனவரியில் வாசல் திறந்துவிடும். மூன்று வருடம் பாக்கி இருக்கும்போது வீரரை விற்றால் கிளப்புக்குப் பெரிய தொகை. ஒரு வருடம்தான் பாக்கி என்றால் வாங்க வருகிறவர் பேரம் பேசுவார். கெடு முடிந்துவிட்டால் பைசா கிடையாது. கிளப்புக்குப் போயிருக்க வேண்டிய அந்தப் பணத்தில் ஒரு பகுதி கையெழுத்துத் தொகையாக வீரர் பக்கம் வரும். நட்சத்திரம் காத்திருப்பது இதற்காக. கிளப்பும் இதே கணக்கைத்தான் மறுபுறமிருந்து போடுகிறது. ஃபார்ம் போன வீரரை ஒப்பந்தம் முடிவதற்கு முன்பே விலை பேசி அனுப்பும்போது நன்றியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனவே ஆர்னால்டை நன்றி கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். லிவர்பூல் செய்த தவறு, சலா, வான் டைக், ஆர்னால்ட் மூவரின் ஒப்பந்தமும் ஒரே ஜூனில் முடியும் நிலைக்கு விட்டது. முதல் இருவரும் 2025 ஏப்ரலில்தான் மேலும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டார்கள்.

தேதியை எழுதிய விதமே ஒரு வீரரை முடக்கிப்போட்டதற்கு மெஸ்ஸி உதாரணம். பார்சலோனாவோடு 2017இல் அவர் போட்ட ஒப்பந்தம் 2021 ஜூன் வரை. அதற்கு ஒரு சீசன் முன்னதாகவே அவர் தொகை எதுவும் இல்லாமல் விலகிக்கொள்ளலாம் என்று ஒரு ஷரத்து இருந்தது. 2020இல் கோவிட்டால் லீக் நின்று, சீசன் ஆகஸ்ட் வரை நீண்டது. ஆகஸ்ட் 25 அன்று மெஸ்ஸி விலகல் கடிதம் அனுப்பினார். சொல்ல வேண்டிய கெடு ஜூன் 10, அது போய்விட்டது, போக வேண்டுமானால் 70 கோடி யூரோ என்றது கிளப். சீசன் முடிந்த பிறகுதானே சொல்லியிருக்கிறேன் என்பது மெஸ்ஸி பக்கத்து வாதம். கோர்ட்டுக்குப் போக மனமில்லாமல் இன்னொரு வருடம் ஆடினார். "சீசனின் கடைசி அதிகாரப்பூர்வ ஆட்டம் முடிந்து பத்து நாளுக்குள்" என்று எழுதியிருந்தால் இந்தச் சண்டைக்கே இடமில்லை. உங்கள் மருமகனின் ஒப்பந்தத்திலும் "சீசன் முடிவு" என்று வருகிற இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் இது வெறும் கற்பனை பயம் இல்லை. 2025இல் தொடங்க வேண்டிய இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) சீசன், லீக்கை நடத்தும் உரிமை ஒப்பந்தச் சிக்கலால் மாதக்கணக்கில் தள்ளிப்போனது. லீக் தள்ளிப்போனால் சம்பளம் ஓடுமா, நிற்குமா என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும்.

அடுத்தது அந்த நான்காவது வருடம். இதில்தான் எனக்குக் கவலை. தென்னந்தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, கெடு முடிந்ததும் நீட்டிக்கும் உரிமை குத்தகைக்காரருக்கு மட்டும், அதுவும் பழைய தொகைக்கே என்று எழுதிக் கொடுப்பீர்களா? பையன் நன்றாக ஆடினால் கிளப் பழைய சம்பளத்தில் பிடித்து வைக்கும், ஆடாவிட்டால் அனுப்பிவிடும். இரண்டிலும் அவனுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அதோடு, மூன்றாவது வருடத்தின் ஜனவரியில் திறக்க வேண்டிய வாசலையும் இந்த வரி அடைத்துவிடுகிறது. இப்படி நீட்டிக்கும் உரிமைக்கு ஆப்ஷன் என்று பெயர். இதே ஆப்ஷன் வீரர் கையில் இருந்தால் கதை தலைகீழ். எம்பாப்பே 2022இல் பாரிஸ் கிளப்போடு போட்டது இரண்டு வருடம், மூன்றாவது வருடம் அவர் விருப்பம். வேண்டாம் என்று 2023 ஜூனில் கடிதம் கொடுத்தார், 2024இல் டிரான்ஸ்ஃபர் தொகை இல்லாமலே மாட்ரிட் போனார்.

ஒருதலை ஆப்ஷன் செல்லுமா என்ற வழக்குகளில் லோசானில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றம், பேராசிரியர் போர்ட்மன் வகுத்த அளவுகோல்களை எடுத்துப் பார்த்திருக்கிறது. மொத்தக் காலம் மிதமிஞ்சிப் போகக் கூடாது. ஆப்ஷனைப் பயன்படுத்துவதை, முடிவு தேதிக்குப் போதிய காலம் முன்பே சொல்ல வேண்டும். ஆப்ஷன் வருடத்தின் சம்பளம் ஆரம்பத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். வீரர் கிளப்பின் தயவில் விடப்படக் கூடாது. கையெழுத்துப் போடும்போது இந்த ஷரத்து தெளிவாகக் கண்ணில் பட வேண்டும். இதை வைத்தே பேசுங்கள். ஆப்ஷனையே நீக்கச் சொல்வது முதல் கோரிக்கை. முடியாது என்றால் இருதரப்பும் ஒப்புக்கொண்டால் மட்டுமே நீட்டிப்பு என்று மாற்றக் கேளுங்கள். அதுவும் முடியாது என்றால், நான்காம் வருடத்துக்குக் கணிசமாகக் கூடிய சம்பளம், கிளப் எழுத்தில் சொல்ல மூன்றாம் வருடம் டிசம்பர் 31 கெடு, மூன்றாம் வருடத்தில் இத்தனை ஆட்டம் ஆடியிருந்தால்தான் ஆப்ஷன் உண்டு என்ற நிபந்தனை. இந்த மூன்றும் இல்லாமல் விடாதீர்கள்.

ரிலீஸ் தொகை (வேறு கிளப் இவ்வளவு கொடுத்தால் வீரரை விட வேண்டும் என்ற தொகை) கேட்பதென்றால் வார்த்தையில் கவனம். 2013இல் லிவர்பூலில் ஆடிய சுவாரெஸுக்காக ஆர்சனல் 4 கோடி பவுண்டுக்கு மேல் ஒரே ஒரு பவுண்டு வைத்துக் கேட்டது. ஒப்பந்தத்தில் 4 கோடி என்று இருந்தது உண்மை. லிவர்பூல் விற்கவில்லை. அந்த வரி பேச்சைத் தொடங்கச் சொல்கிறதே தவிர விற்கச் சொல்லவில்லை என்று வீரர் சங்கத் தலைவரே சொன்னார். "இந்தத் தொகை வந்தால் கிளப் விடுவிக்க வேண்டும், வீரர் சம்மதம் மட்டும் போதும்" என்று இருந்தால்தான் அது ரிலீஸ் ஷரத்து.

இனி பணம். வருடத் தொகையைப் பார்த்து மயங்காமல், எத்தனை தவணை, எந்தத் தேதியில் என்று கேளுங்கள். சில ஒப்பந்தங்கள் சீசன் மாதங்களுக்கு மட்டும் தரும். அப்போது மாதத் தொகை பெரிதாகத் தெரியும், 12ஆல் வகுத்தால் சுருங்கிவிடும். வரிப் பிடித்தத்துக்கு முன்னா பின்னா என்பதும் எழுத்தில் இருக்கட்டும். போனஸில் "ஆட்டம் ஒன்றுக்கு" என்றால் என்ன? பெஞ்சில் உட்கார்ந்தால் உண்டா, முதல் பதினொன்றிலா, மாற்று வீரராக 80ஆவது நிமிடம் இறங்கினால் எண்ணிக்கையில் சேருமா? 20 வயதுப் பையன் முதல் வருடம் பெரும்பாலும் மாற்று வீரராகத்தான் இறங்குவான். மைதானத்தில் கால் வைத்தாலே ஒரு ஆட்டம் என்று எழுத வையுங்கள். என் கணக்கில் நிலையான சம்பளத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்துக்கூட இதை வாங்கலாம். வருடா வருடம் சம்பளம் ஏறும் படிநிலையையும் இப்போதே கேளுங்கள்.

சம்பளம் நின்றுபோனால்? ஃபிஃபா விதியில் ஒரு வழி இருக்கிறது. இரண்டு மாதச் சம்பளம் பாக்கி நின்றால், குறைந்தது 15 நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். அதற்கும் கொடுக்காவிட்டால் நியாயமான காரணத்தோடு விலகலாம். இதே ஏற்பாடு ஒப்பந்தத்திலும் இருக்கிறதா பாருங்கள். நோட்டீஸ் இல்லாமல் கோபத்தில் கிளம்பினால் தவறு பையன் தலையில் விழும். 2024இல் இந்திய வீரர் அன்வர் அலி மோகன் பகான் கிளப்போடு இருந்த ஒப்பந்தத்தை முறித்த விவகாரத்தில் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் குழு அவருக்கு 4 மாதத் தடையும், அவரும் ஈஸ்ட் பெங்கால், டெல்லி எஃப்.சி. கிளப்புகளும் சேர்ந்து மோகன் பகானுக்குக் கொடுக்கும்படி 12.90 கோடி ரூபாய் இழப்பீடும் விதித்து, விஷயம் தில்லி உயர் நீதிமன்றம் வரை போனது.

செவன்ஸ் பற்றி வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். வெளி ஆட்டம் ஆடக் கூடாது என்ற வரி அநேகமாக எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும். அங்கே முழங்கால் போனால் சிகிச்சைச் செலவும் கிடைக்காது, ஒப்பந்தமும் போகும். செவன்ஸில் ஒரு சீசனுக்குக் கைக்கு வருகிற காசை எழுதிப் பாருங்கள். ஒப்பந்தச் சம்பளம் அதைவிடக் குறைவென்றால் அதுவே உங்கள் பேரத்தின் அடித்தளம். எவ்வளவு கேட்கலாம் என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். கிளப் ஆட்டத்தில் அடிபட்டால் அறுவை சிகிச்சை, பிசியோ, ஆடாத மாதங்களின் சம்பளம் மூன்றும் கிளப் பொறுப்பு என்று தனி வரி வேண்டும். மருத்துவப் பரிசோதனை கையெழுத்துக்கு முன்பே முடியட்டும். பரிசோதனையில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று நிபந்தனை வைக்க ஃபிஃபா விதி இடம் தருவதில்லை.

நடுவில் ஏஜென்ட் வந்தால் ஃபிஃபா உரிமம் உண்டா என்று பாருங்கள். அவரோடு போடும் ஒப்பந்தம் இரண்டு வருடத்தைத் தாண்டக் கூடாது. இன்னொரு கிளப் "சும்மா ஒரு கடிதம்" என்று நீட்டினால் பையன் கையெழுத்துப் போடவே கூடாது. பெயர், காலம், சம்பளம், கையெழுத்து நான்கும் இருந்தால் அந்தக் கடிதமே ஒப்பந்தமாக எடுத்துக்கொள்ளப்படலாம். ஒரே காலத்துக்கு இரண்டு ஒப்பந்தம் என்றால் தண்டனை வரும்.

இரண்டு நாள் போதாது. வீரர்களைப் பதிவு செய்யும் காலம் எந்தத் தேதியில் முடிகிறது என்று கிளப்பிடமே கேளுங்கள். அதற்குள் நாள் இருக்கிறதென்றால் ஒரு வாரம் அவகாசம் வேண்டும் என்று மின்னஞ்சலில் எழுதுங்கள், போனில் வேண்டாம். பாலக்காட்டிலோ கோவையிலோ தொழிலாளர் வழக்கு பார்க்கும் வக்கீலிடம் ஒவ்வொரு பக்கமாகக் காட்டுங்கள். எல்லாப் பக்கத்திலும் இருதரப்புக் கையெழுத்து இருக்கட்டும். சம்மேளனத்தின் பதிவுத் தளமான சி.ஆர்.எஸ்.ஸில் கிளப் ஏற்றும் பிரதியும் உங்கள் கையில் உள்ள பிரதியும் ஒன்றுதானா என்று பக்கம் பக்கமாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அந்தப் பதிவின் பிரின்ட் ஒன்றையும் கேட்டு வாங்கி வையுங்கள்.